தும்பா எந்த ஊர்க் கொட்டு?

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவில் கடைசி நாள் ராத்திரி மெல்லிசைக் கச்சேரி நடக்கும். மேடை ஓரத்தில், இடுப்பளவு உயரமுள்ள இரண்டு மரக் கொட்டுகளுக்குப் பின்னால் நின்றபடி ஓர் அண்ணன் வாசிப்பார். குச்சி கிடையாது, வெறும் கைதான். உள்ளங்கைக்கு ஒரு சத்தம், விரல் நுனிக்கு ஒரு சத்தம், மணிக்கட்டை ஒட்டிய அடிப்பகுதிக்கு இன்னொரு சத்தம். பாட்டுக்காரர்களைவிட அவரைப் பார்க்கத்தான் நான் முன்வரிசையில் துண்டு போட்டு இடம் பிடிப்பேன். எட்டாம் வகுப்பு படிக்கும்போது, இடைவேளையில் மேடைக்குப் பின்னால் போய்க் கேட்டே விட்டேன்.

"அண்ணே, இது பேரு என்ன?"

"தும்பா."

"எந்த ஊர்க் கொட்டுண்ணே?"

அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு யோசித்தார். "வெளிநாடு தம்பி. கியூபான்னு சொல்லுவாங்க. பக்கத்துல அந்தச் சின்ன ஜோடி இருக்கு பாரு, பாங்கோஸ், அதுவும் அங்க இருந்து வந்ததுதான்."

அன்றைக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. பிறகு இருபது வருடத்துக்கும் மேலாகக் கியூபப் பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்டுவருகிறேன். கேட்கக் கேட்க, அண்ணனிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஏனென்றால் கியூபாவுக்குள் போய்விட்டால் ஒவ்வொரு கொட்டும் தனக்கென்று ஓர் ஊர் வைத்திருக்கிறது. "லத்தீன் இசை" என்று ஒரே பெட்டியில் போட்டு விற்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. ஊரும் பேரும் பிடுங்கப்பட்டு வந்த ஜனங்கள், தங்கள் ஊரைக் கொட்டில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்த ஊர்ப் பெயரையாவது நாம் சரியாகச் சொல்ல வேண்டாமா?

சரி, தும்பாவிலிருந்தே ஆரம்பிக்கலாம். கியூபாவில் அதன் பெயர் தும்பதோரா. உலகம் முழுக்க அதைக் காங்கா என்கிறார்கள். கியூபாக்காரர்களுக்கோ அதே சொல்லான கொங்கா என்றால் திருவிழா ஊர்வலத்தில் தெருவை அடைத்துக்கொண்டு போகிற ஆட்டமும் இசையும்தான். ஆகவே நம் மேடைக்காரர்கள் சொல்கிற தும்பா, காங்காவைவிட அசல் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்தக் கொட்டின் முன்னோர்கள் கொங்கோ ஆற்றுப் படுகையிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் யூகா, மகூத்தா கொட்டுகள். யூகாவை மரத்தண்டைக் குடைந்து செய்வார்கள். கியூபாவில் பீப்பாய் செய்கிற முறை சேர்ந்துகொண்டது. மரப்பட்டிகளை வளைத்து ஒட்டி, வளையம் போட்டு இறுக்கி, மேலே தோல். ஆரம்பத்தில் தோலை ஆணி அடித்துத்தான் பிணைத்தார்கள். சுருதி ஏற்ற வேண்டுமென்றால் நெருப்பில் காட்டுவார்கள். திருகி இறுக்குகிற இரும்புக் கொக்கிகள் பிற்பாடு வந்தவை.

இவ்வளவு ஆப்பிரிக்கா ஒரு சின்னத் தீவில் எப்படித் தங்கியது? காரணம் கரும்பு. 1791இல் பக்கத்துத் தீவில், இன்றைய ஹைத்தியில், அடிமைகள் கிளர்ந்து எழுந்தார்கள். உலகத்துக்கே சர்க்கரை கொடுத்துக்கொண்டிருந்த தோட்டங்கள் எரிந்தன. அந்த இடத்தைப் பிடிக்கக் கியூபாவின் முதலாளிகள் பறந்தார்கள். மொத்தமாக ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் கியூபாவில் இறக்கப்பட்டார்கள். அதில் மிகப் பெரும் பகுதி 1790க்குப் பிறகு. 1820இலிருந்து இந்த வியாபாரம் சட்டப்படி தடை. ஆனாலும் 1860கள் வரை கப்பல்கள் வந்துகொண்டேதான் இருந்தன. அடிமைமுறை முழுசாக ஒழிந்தது 1886இல். இந்தத் தேதிகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவ்வளவு தாமதமாக முடிந்ததால், ஆப்பிரிக்காவில் பிறந்து, அங்கேயே பாடக் கற்றுக்கொண்டவர்கள் இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் கியூபாவில் உயிரோடு இருந்தார்கள். பேரப்பிள்ளைகள் தாத்தாவின் வாயிலிருந்து நேரடியாகக் கற்றார்கள்.

இன்னொரு காரணம் கபில்தோ. ஒரே இனத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்கர்கள் ஒன்றுகூடிச் சங்கம் வைத்துக்கொள்ள ஸ்பானிய ஆட்சி அனுமதித்தது. தனித்தனியாக இருந்தால் சேர்ந்து எதிர்க்க மாட்டார்கள் என்பது ஆட்சியின் கணக்கு. அந்தக் கணக்கில் அவர்கள் நினைக்காத ஒன்று நடந்தது: ஒவ்வொரு இனத்தின் கொட்டுக்கும் பாட்டுக்கும் ஒரு வீடு கிடைத்தது. இன்றைய நைஜீரியாப் பக்கத்து யொருபா மக்கள் லுகுமி என்ற பெயரில் கூடினார்கள். கொங்கோ மக்களுக்குத் தனி வீடு. இன்றைய பெனின் நாட்டுப் பக்கம், தஹோமேயிலிருந்து வந்தவர்கள் அரரா. அவர்களின் கொட்டுகள் இன்றும் மத்தான்சாஸ் மாகாணத்தில்தான் அதிகம் கேட்கும். நைஜீரியாவின் கலபார் துறைமுகம் வழியாக வந்தவர்கள் கரபாலி. அவர்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அது எனக்கு ரொம்பப் பிடித்த கதை.

லுகுமிகளின் பத்தா கொட்டை முதன்முதலாக ஒரு பதிவில் கேட்டபோது மூன்று பேர் ஏதோ வாக்குவாதம் செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். உண்மையில் அப்படித்தான் அது கட்டப்பட்டிருக்கிறது. மூன்று கொட்டுகள். மூன்றும் இடுப்பு ஒடுங்கிய உடல், இரண்டு பக்கமும் தோல். ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது. சின்னது ஒகோன்கொலோ, பெரும்பாலும் மாறாமல் ஒரே நடையைப் பிடித்திருக்கும். நடுவில் இதோத்தெலே, பதில் சொல்கிறவன். பெரியது இயா. யொருபா மொழியில் இயா என்றால் அம்மா. அம்மாதான் பேச்சைத் தொடங்குவாள், திருப்புவாள், முடிப்பாள். கழுத்தைச் சுற்றிச் சிறு மணிகள் கட்டியிருப்பதால் அவள் அசைந்தாலே சத்தம் வரும். பெரிய தோலின் நடுவில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு பசை அப்பியிருப்பார்கள். அதனால் ஒலி அதிர்ந்து பரவாமல் அடங்கி, ஆழமாக விழும். கொட்டுக்காரர் உட்கார்ந்து மடியில் கிடத்தி இரண்டு கையாலும் வாசிப்பார். நைஜீரியாவில் இதே கொட்டைக் கழுத்தில் மாட்டி நின்றுகொண்டு, சின்னப் பக்கத்தைத் தோல் வாரால் அடிப்பார்கள். கடல் தாண்டி வந்ததில் வார் போய்விட்டது, கை வந்தது.

யொருபா ராகம் போட்டுப் பேசுகிற மொழி. ஒரே சொல்லை ஏற்றியும் இறக்கியும் சொன்னால் பொருளே மாறிவிடும். அதனால் உயர்ந்த சத்தமும் தாழ்ந்த சத்தமும் எழுப்பத் தெரிந்த கொட்டு அந்த மொழியில் பேசவும் செய்யும். கியூபாவில் லுகுமி மொழி வீட்டுப் பேச்சிலிருந்து மறைந்து வழிபாட்டு மொழியாக மட்டும் தங்கிவிட்டது. கொட்டின் வாக்கியங்களும் கூடவே தங்கின. வழிபாட்டில் பாட்டே இல்லாமல் கொட்டு மட்டும் ஒலிக்கும் ஒரு நீண்ட வரிசை உண்டு. வழித்தெய்வமான எலெகுவாவுக்கு முதலில் வாசித்து, அப்புறம் ஒவ்வொரு தெய்வத்துக்கும் அவரவர் தாளம். அந்த வரிசையை நான் இரவில் விளக்கை அணைத்துவிட்டுத்தான் கேட்பேன். என்ன சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியாது. ஆனால் யாரோ யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும் தெளிவாகக் கேட்கும்.

முறைப்படி உயிரூட்டப்பட்ட பத்தாவுக்குள் அன்யா என்ற தெய்வம் குடியிருக்கிறது என்பது நம்பிக்கை. தீட்சை பெற்ற ஆண்கள் மட்டுமே அதைத் தொடலாம். அதனால் வெளியுலகம் நெடுங்காலம் பத்தாவைக் கேட்டதே இல்லை. 1936இல் தலைநகர் ஹவானாவில் பெர்னாண்டோ ஒர்த்தீஸ் என்ற அறிஞர் ஏற்பாடு செய்த உரையில்தான் முதன்முதலாகப் பொதுமேடையில் அது ஒலித்தது. அதற்கென்றே உயிரூட்டப்படாத கொட்டுகள் செய்யப்பட்டன. தலைமை வாசித்தவர் பாப்லோ ரோச்சே. அக்காலத்தில் அவருக்கு இணை இல்லை என்பார்கள்.

ஒர்த்தீஸைப் பற்றி இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 1906இல் வந்த தன் புத்தகத்தில் அவர் கறுப்பு மக்களின் வழிபாட்டைக் குற்றவியலின் கண்ணால் பார்த்து, அது சமூகத்துக்குக் கேடு என்று எழுதியவர். முப்பது வருடம் கழித்து அதே மக்களின் கொட்டுக்காரர்களைப் படித்தவர்கள் கூடும் மேடையில் உட்காரவைத்து, இதைக் கேளுங்கள் என்றார். பிறகு 1952இலிருந்து ஆப்பிரிக்கக் கியூப வாத்தியங்களைப் பற்றி மட்டும் ஐந்து தொகுதிகள் எழுதினார். ஒரு மனிதர் தான் எழுதியதைத் தன் வாழ்நாளிலேயே இவ்வளவு தூரம் தாண்டி வந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அதேசமயம் அவருக்குப் பாடம் எடுத்தவர்கள் ரோச்சே போன்ற கொட்டுக்காரர்கள். அவர்கள் பெயர்களும் கூடவே சொல்லப்பட வேண்டும். உயிரூட்டப்பட்ட கொட்டைப் பெண்கள் தொடலாமா என்ற பேச்சு இன்றும் முடியாத வழக்கு. 1993இல் ஹவானாவில் ஒபினி பத்தா என்ற பெண்கள் குழு, உயிரூட்டப்படாத கொட்டுகளோடு மேடை ஏறியது. அவர்கள் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு அந்த வழக்கில் எந்தப் பக்கம் நிற்பது என்று குழப்பம் வராது. எனக்கு வரவில்லை.

கோயில் இசையிலிருந்து முற்றத்துக்கு வந்தால் ரும்பா. ஹவானாவுக்குக் கிழக்கே சுமார் நூறு கிலோமீட்டரில் மத்தான்சாஸ் துறைமுகம். சுற்றிலும் கரும்புத் தோட்டங்கள். அடிமைமுறை முடிந்தபோது ஜனங்கள் தோட்டத்தை விட்டுத் துறைமுகங்களுக்கு வந்தார்கள், மூட்டை தூக்கினார்கள், ஒரே முற்றத்தைச் சுற்றிப் பத்துப் பதினைந்து குடும்பம் வாழ்கிற குடித்தனங்களில் தங்கினார்கள். கொட்டு கையில் இல்லாத இடத்தில் பெட்டியைத் தட்டினார்கள். கருவாட்டு மீன் வந்திறங்கிய மரப்பெட்டி அடித்தால் தடித்த சத்தம், மெழுகுவர்த்திப் பெட்டி அடித்தால் கூர்மையான சத்தம். அதுவே கஹோன் என்ற வாத்தியம் ஆனது.

ரும்பாவில் மூன்று வகை. யாம்பூ நிதானமானது, வயதானவர்களின் நடை. கொலும்பியா மத்தான்சாஸின் கிராமப்பக்கத்தில் பிறந்தது. ஆண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து கொட்டோடு மோதுகிற ஆட்டம். மூன்றாவது குவாகுவான்கோ. ஆணும் பெண்ணும் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். சட்டென்று அவன் கையாலோ காலாலோ கைக்குட்டையாலோ ஒரு சைகை வீசுவான். அவள் அதே நொடியில் பாவாடை நுனியால் தடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே விலகுவாள். கின்தோ என்கிற மிக உயர்ந்த சுருதிக் கொட்டு அந்த வீச்சையும் தடுப்பையும் பார்த்துப் பார்த்து அடிக்கும். யார் யாரைப் பின்தொடர்கிறார்கள், கொட்டு ஆட்டத்தையா, ஆட்டம் கொட்டையா என்று பலமுறை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறேன். பிரித்துச் சொல்ல முடியவில்லை.

1952இல் மத்தான்சாஸின் மரீனா பகுதியில் எல் காயோ என்ற மதுக்கடையில் சில இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இசைப்பெட்டியில் ஆர்சேனியோ ரொத்ரிகஸின் பாட்டு ஓடியது. அவர்கள் கரண்டி, புட்டி, மேஜைப் பலகை எதையும் விடாமல் தட்டித் தாளம் போட்டார்கள். தெருவில் போனவர்கள் நின்று கேட்டார்கள். அந்தக் கூட்டம்தான் பிறகு லோஸ் முன்யெகீத்தோஸ் தெ மத்தான்சாஸ் என்ற குழு ஆனது. அப்பா, மகன், பேரன் என்று தலைமுறைகள் மாறி இன்றும் வாசிக்கிறார்கள். ரும்பாவை முதன்முதலாகக் கேட்கப் போகிறவர்களுக்கு நான் இந்தக் குழுவைத்தான் சொல்வேன். ஹவானா ரும்பா வேகமும் மினுக்கும் கூடியது. இவர்களிடம் இடைவெளி இருக்கும், பேச்சு இருக்கும்.

இதையெல்லாம் தாங்கி நிற்பது இரண்டு மரக்குச்சிகள். கிளாவே. ஹவானாவின் கப்பல் கட்டும் துறையில் பலகைகளைப் பிணைக்கப் பயன்பட்ட கடினமான மர ஆணிகளிலிருந்து வந்தவை என்று ஒர்த்தீஸ் எழுதியிருக்கிறார். ஒரு குச்சியைக் குவித்த உள்ளங்கையின் மேல் லேசாகக் கிடத்த வேண்டும். இறுக்கிப் பிடித்தால் சத்தம் செத்துவிடும். உள்ளங்கைக் குழிவுதான் அதன் பானை. இன்னொரு குச்சியால் அதன் நடுவில் தட்ட வேண்டும். பதினாறு வரை ஒரே சீராக எண்ணுங்கள். 1, 4, 7, 11, 13 ஆகிய எண்களில் மட்டும் தட்டுங்கள். சோன் என்கிற கியூப நடன இசையின் கிளாவே இதுதான். இப்போது 7இல் தட்டாமல் 8இல் தட்டுங்கள், மற்றதெல்லாம் அப்படியே. இது ரும்பா கிளாவே. ஒரே ஒரு தட்டு, ஒரு எண் தள்ளிப் போகிறது. அவ்வளவுதான். ஆனால் தரை லேசாகச் சரிந்த மாதிரி இருக்கும். சமையலறை மேஜையில் கரண்டிக்காம்பால் மாதக்கணக்கில் பழகிய பிறகுதான் அந்த 8ஆம் எண் என் கைக்குத் தானாக வந்தது. இதற்கு நெருங்கிய சொந்தமான அடிகளை மேற்கு ஆப்பிரிக்காவில் இரும்பு மணியில் அடிக்கிறார்கள். இங்கே அது மரத்துக்கு மாறியிருக்கிறது.

கிளாவே இல்லாமல் கியூப இசையே இல்லை என்று பலர் சொல்வார்கள். அவர்களைத் தீவின் கிழக்கு மூலைக்கு, குவான்தனாமோவுக்குக் கூட்டிப்போக வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டதும் உலகத்துக்கு ஒரு சிறைச்சாலை நினைவுக்கு வருகிறது. எனக்கு சங்குயி நினைவுக்கு வரும். மலைக்காட்டு விவசாயிகளின் இசை, கிளாவே கிடையாது. மூன்று ஜோடிக் கம்பி கொண்ட த்ரெஸ் என்ற சிறு கிதார், சுரண்டுகிற உலோகக் குழல், கையில் பிடித்துக் குலுக்குகிற மராக்கஸ், பெரிய உடம்புள்ள பழைய பாங்கோ. அப்புறம் மரிம்புலா: ஒரு மரப்பெட்டி, அதன் முகத்தில் வரிசையாக இரும்பு நாக்குகள். வாசிப்பவர் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து, கையைக் கீழே விட்டு நாக்குகளை நெருடுவார். மந்தர ஒலி அவருக்குக் கீழிருந்து வரும். ஆப்பிரிக்காவில் கைக்குள் அடங்குகிற விரல் வாத்தியம் இங்கே வளர்ந்து நாற்காலி அளவு ஆகிவிட்டது.

கிழக்கில் இன்னொரு முக்கியமான சொந்தம் ஹைத்தி. 1791 கிளர்ச்சியின்போது தப்பி வந்த பிரெஞ்சு முதலாளிகளோடு அவர்களின் அடிமைகளும் வந்தார்கள். அவர்கள் வழி வந்ததுதான் தும்பா பிரான்செசா, அதாவது பிரெஞ்சுத் தும்பா. பார்த்தால் முதலில் ஒன்றும் பொருந்தாது. பெண்கள் நீளப் பாவாடையும் விசிறியுமாகப் பிரெஞ்சுக்காரர்களின் அரண்மனை ஆட்டம் போல ஜோடி சேர்ந்து வருவார்கள். பின்னால் ஒலிப்பது அச்சு அசலான ஆப்பிரிக்கக் கொட்டு. பாட்டு பிரெஞ்சும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்த கிரெயோல் மொழியில். இன்று இந்த மரபைக் காப்பாற்றுவது சந்தியாகோ, குவான்தனாமோ, ஒல்கின் பக்கத்து மூன்று சங்கங்கள்தான். 2003இல் யுனெஸ்கோ இதை மனிதகுல மரபின் அருஞ்செல்வமாக அறிவித்து, 2008இல் தன் பட்டியலில் சேர்த்தது. ரும்பாவுக்கு அந்த இடம் 2016இல்தான் கிடைத்தது.

இந்தக் கிழக்கிலிருந்து சோன் இசை இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ஹவானாவுக்குப் பயணப்பட்டது. தலைநகரில் கிளாவேயையும் கூடவே பிடித்துக்கொண்டது. 1920களில் இக்னாசியோ பின்யேரோவின் குழு அதில் டிரம்பெட் சேர்த்தது. பிறகு ஆர்சேனியோ ரொத்ரிகஸ், மேலே மதுக்கடையில் ஒலித்தாரே, அவரேதான். மத்தான்சாஸ் மாகாணத்தில் 1911இல் பிறந்தவர். சின்ன வயதில் ஒரு விலங்கு உதைத்ததில் இரண்டு கண்ணும் போனது. கொங்கோ வழிவந்த குடும்பம். 1940 வாக்கில் அவர் சோன் குழுவுக்குள் பியானோவையும் கூடுதல் டிரம்பெட்டுகளையும் கொண்டுவந்தார், கூடவே தும்பதோராவையும். அதுவரை முற்றத்துக் கொட்டு என்று நடன அரங்கங்கள் தள்ளி வைத்திருந்த அது, அதன் பிறகுதான் மேடையின் நடுவுக்கு வந்தது. பிற்பாடு சல்சா என்று உலகம் ஆடியதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கண் தெரியாத மனிதர் போட்ட அடித்தளத்தில்தான். எங்கள் ஊர் மேடைக்குத் தும்பா வந்து சேர்ந்த வழியிலும் அவர் கை நிச்சயமாக இருக்கிறது.

இனிக் கரபாலிகளின் கதை. கலபார் பகுதியில் எக்பே என்ற சிறுத்தைச் சங்கம் உண்டு. ஆண்கள் மட்டும் சேர்கிற ரகசியச் சங்கம். அங்கிருந்து அடிமையாக வந்தவர்கள் 1836இல் ஹவானா விரிகுடாவின் எதிர்க்கரையில், ரெக்லா என்ற ஊரில், அதே மாதிரி ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். பெயர் அபகுவா. அதன் மையத்தில் எக்குவே என்ற கொட்டு இருக்கிறது. யாரும் பார்க்கக் கூடாது, சத்தம் மட்டும் வெளியே வரும். அடிப்பதில்லை, தேய்ப்பார்கள். சிறுத்தையின் உறுமல். ஹவானா, மத்தான்சாஸ், கார்தேனாஸ் துறைமுகங்களைத் தாண்டி அபகுவா பரவவில்லை. ஆனால் அந்தத் துறைமுகத் தொழிலாளர்கள்தான் ரும்பா பாடியவர்கள். அதனால் அதன் சொற்கள் ரும்பாவுக்குள் நிறைய உண்டு. கியூபாவில் நண்பனைக் கூப்பிடும் "அசெரே" என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான்.

சானோ போசோ என்ற கொட்டுக்காரர் அந்தச் சங்கத்தைச் சேர்ந்தவர். 1947இல் நியூயார்க் போய் டிஸ்ஸி கில்லெஸ்பியின் ஜாஸ் குழுவில் சேர்ந்தார். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. அந்த வருடம் செப்டம்பரில் கார்னகி அரங்கில் ஜாஸ் குழுவோடு அவருடைய தும்பதோராவும் ஒலித்தது. கில்லெஸ்பியோடு செய்த ஒரு பதிவில் அவர் அபகுவா வரிகளையே பாடியிருக்கிறார். அடுத்த வருடம் டிசம்பரில் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 33.

2001இல் நியூயார்க்கின் புரூக்ளினில், அமெரிக்காவில் வாழும் எஃபிக் மக்கள், அதாவது எக்பே சங்கத்துக்குச் சொந்தக்காரர்கள், ஒன்றுகூடினார்கள். அங்கே கியூபாவின் அபகுவா இசைக்காரர்களும் வந்தார்கள். பிரிந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலான பிறகு இரண்டு பக்கமும் ஒருவர் பாடியதில் மற்றவர் தன் சொற்களை அடையாளம் கண்டார்கள். 2004இல் இரண்டு அபகுவா இசைக்காரர்கள் கலபாருக்கே போய், அங்கே நடந்த எக்பே விழாவில் வாசித்தார்கள். எந்தத் துறைமுகத்திலிருந்து முன்னோர்களைக் கப்பலில் ஏற்றினார்களோ, அதே ஊரில், தாத்தாக்கள் ரெக்லாவில் யாருக்கும் காட்டாமல் சொல்லிக்கொடுத்த வரிகளைச் சத்தம் போட்டுப் பாடினார்கள்.